ஜவ்வரிசி ஆலை சிசி (கேஷ் கிரெடிட், தொழில் நடத்த வங்கி தரும் கடன்) கணக்கு: லிமிட் 40 லட்சம் இருந்தும் 26 லட்சத்துக்குப் போட்ட செக் ஏன் திரும்பியது?

லிமிட் குறையவில்லை, டிராயிங் பவர், அதாவது இப்போது எடுக்கக்கூடிய தொகை, குறைந்திருக்கிறது. 40 லட்சம் என்பது உச்சவரம்பு மட்டும். எவ்வளவு எடுக்கலாம் என்பதை நீங்கள் வங்கிக்குத் தரும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்தான் (கையிருப்பு, பாக்கி விவரம்) முடிவு செய்யும்.

நீங்கள் எழுதிய எண்களையே போட்டுப் பார்த்தேன். கையிருப்பு 30 லட்சம். ஆத்தூர் பக்கத்து மரவள்ளி விவசாயிகளுக்குத் தர வேண்டிய 8 லட்சம் கழியும். கடனுக்கு வாங்கிய கிழங்குக்கு வங்கி பணம் தராது. மீதி 22-இல் 25% மார்ஜின் (உங்கள் சொந்தப் பங்கு) போக 16.5. வர வேண்டிய பாக்கி 20 லட்சத்தில், 90 நாள் தாண்டிய 6 கணக்கில் வராது. 14-இல் 40% போக 8.4. ஆக 24.9 லட்சம்தான் எடுக்கலாம்; 26 லட்சம் செக் அதைத் தாண்டியதால் திரும்பியது. குடோன் நிரம்பி வழியும் சீசனில்தான் இப்படிக் கழுத்தைப் பிடிக்கும்.

சாங்ஷன் லெட்டரில் (கடன் அனுமதிக் கடிதம்) மார்ஜின் விகிதத்தைப் பாருங்கள், வங்கிக்கு வங்கி மாறும். வர வேண்டிய பாக்கிப் பட்டியலை பில் தேதிவாரியாகப் பிரித்து, 75 நாள் தாண்டியதை 90 நாள் ஆவதற்குள் முதலில் வசூலியுங்கள்.

விவசாயிகளுக்குத் தர வேண்டிய பாக்கியை மட்டும் குறைத்துக் காட்டாதீர்கள். ஸ்டாக் ஆடிட்டில் மாட்டும். நிலுவை டிராயிங் பவரைத் தாண்டித் தொடர்ந்து 90 நாள் நின்றால், ரிசர்வ் வங்கி விதிப்படி கணக்கு என்பிஏ (வாராக்கடன்) ஆகிவிடும். ஸ்டேட்மென்ட் மூன்று மாதத்துக்கு மேல் பழையதானாலும் சிக்கல்தான்.