பைபிள் கதையைப் பிரம்மாண்டப் படமாக எடுக்கும்போது, எல்லா மதத்தவரும் பார்க்கும்படி எதையெல்லாம் மாற்றலாம்?

கேள்வி கேட்டவர் உதவி இயக்குநராக இருக்க வேண்டும். யாரோ ஒரு சபைக்காரர் பணம் போடுகிறேன் என்று சொல்லி, கூடவே "நம்ம ஜனங்க மட்டும் பாத்தா பத்தாது தம்பி, எல்லாரும் பாக்கணும்" என்று நிபந்தனையும் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இந்தச் சந்தேகம் ராத்திரி பதினொன்றரைக்கு யாருக்கும் வராது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இயக்குநர் இல்லை. வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழில் டப்பிங் வசனம் எழுதுகிறவன். வேதாகமக் கல்லூரிப் பக்கமும் போனதில்லை. திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பம், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். 'அவிசுவாசி' என்று கமெண்ட் தட்டத் தயாராக இருப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.

மாற்றலாமா என்றால், ஒன்றும் சேர்க்காமல் அந்தக் கதைகளை எடுக்கவே முடியாது. பைபிள் அவ்வளவு சிக்கனமாகக் கதை சொல்லும். யாத்திராகமம் 2-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். 10-ஆம் வசனத்தில் பிள்ளையைப் பார்வோனுடைய மகளிடம் கொண்டுபோய் விடுகிறார்கள். 11-ஆம் வசனத்தில் மோசே பெரிய ஆளாகி நிற்கிறான். நடுவில் ஒரு வரி கிடையாது. செசில் பி. டிமில் 1956-இல் 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்' எடுத்தபோது அந்த இரண்டு வசனங்களுக்கும் நடுவில்தான் அரண்மனை, எத்தியோப்பியப் போர், எகிப்து இளவரசி நெஃப்ரெத்திரியின் காதல் எல்லாவற்றையும் குடியேற்றினார். மொத்தம் 220 நிமிஷப் படம். ஆனால் மனுஷன் ஒளித்துச் செய்யவில்லை. படம் ஆரம்பிக்கும் முன் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு அவரே வந்து நின்று, வேதம் சொல்லாமல் விட்ட முப்பது வருஷத்தை ஃபைலோ, ஜோசிஃபஸ் போன்ற பழைய ஆசிரியர்களை வைத்து நிரப்பியிருக்கிறோம் என்று சொல்லிவிடுகிறார். எத்தியோப்பியப் போர் நிஜமாகவே ஜோசிஃபஸ் எழுதியதுதான். நெஃப்ரெத்திரி காதலுக்கு மட்டும் அவரைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. அது போகட்டும், காதல் இல்லாமல் 220 நிமிஷம் யார் உட்கார்வார்கள்?

நோவா இன்னும் மோசம். கடவுள் பேழை (பெரிய கப்பல்) கட்டச் சொன்னதிலிருந்து வெள்ளம் வடிந்து வெளியே வரும்வரை ஆதியாகமத்தில் நோவா ஒரு வார்த்தை பேசுவதில்லை. முதன்முதலில் வாயைத் திறப்பது 9-ஆம் அதிகாரத்தில், அதுவும் சொந்தப் பேரன் கானானைச் சபிக்க. இந்த ஊமைப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு 2014-இல் டேரன் அரனோஃப்ஸ்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் படம் எடுத்தார். நோவாவாக நடித்த ரஸ்ஸல் குரோ பேசித்தானே ஆக வேண்டும்? கல்லால் ஆன ராட்சதர்களைக் காட்டினார் என்று நம் ஆட்கள் கொந்தளித்தார்கள். இராட்சதர் பூமியில் இருந்தார்கள் என்று ஆதியாகமம் 6:4-லேயே இருக்கிறது, கல்தான் புதுசு. படக் கம்பெனி விளம்பரங்களில் 'கதையைத் தழுவியது, கலைச் சுதந்திரம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்' என்று ஒரு குறிப்பே போட வேண்டியிருந்தது. இஸ்லாத்தில் நோவாவும் ஒரு நபி; நபியை உருவமாகக் காட்டுகிறது என்று கத்தாரிலும் பஹ்ரைனிலும் அமீரகத்திலும் அதை வெளியிடவே விடவில்லை. அங்கே கல் ராட்சதர் ஒரு பொருட்டே இல்லை. நோவாவுக்கு முகம் இருந்ததுதான் பிரச்சினை. எல்லோரையும் திருப்திப்படுத்தலாம் என்று உங்கள் தயாரிப்பாளர் நினைத்தால் இதை ஒருமுறை அவருக்குச் சொல்லிவையுங்கள்.

ஆகவே சேர்ப்பதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. எதை எடுத்துவிடுகிறார்கள் என்பதில்தான் என் சண்டை.

எனக்குச் சின்ன வயதில் திக்குவாய். இப்போதும் போனில் புது ஆளிடம் பேசினால் வரும். ப, ம இரண்டும் எனக்கு ஆகாத எழுத்துகள். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனம் சொல்ல எழுந்து நின்று 'பார்வோன்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டு, பின்வரிசைப் பையன்கள் "ப... ப... ப..." என்று தாளம் போட்டது இன்றைக்கும் காதில் கேட்கிறது. அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆச்சி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, "ஏல, மோசேக்கே திக்குவாய்தான? ஒனக்கென்ன வந்துச்சு?" என்றாள். அவ்வளவுதான், திரும்பப் புடைக்கப் போய்விட்டாள். நான் போய் எடுத்துப் பார்த்தேன். யாத்திராகமம் 4:10. "நான் வாக்குவல்லவன் அல்ல, நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்." அதிலும் பாருங்கள், நீர் என்னோடு பேசினதற்குப் பிறகும் அப்படித்தான் இருக்கிறேன் என்று கடவுளிடமே சொல்கிறான். முட்செடி எரிகிறது, கோல் பாம்பாகிறது, நாக்கு மட்டும் சரியாகவில்லை. பார்வோன் முன்னால் போய் நிற்கும்போது அவனுக்கு வயது 80. கூடப் பேசுவதற்குத் துணைக்குப் போகிற அண்ணன் ஆரோனுக்கு 83. இதைவிட நல்ல கதாநாயகனை யார் எழுதிவிட முடியும்?

டிமில் படத்தில் மோசேயாக வரும் சார்ல்டன் ஹெஸ்டன் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் குரலில் எங்கே திக்கல்? 2014-இல் ரிட்லி ஸ்காட் எடுத்த மோசே படத்தில் மோசேயாக வரும் கிறிஸ்டியன் பேல் வாளேந்திய தளபதி. எனக்கும் ஹெஸ்டனைப் பிடிக்கும், ஆகவே ரசிகர்கள் கோபப்பட வேண்டாம். ஆனால் அவர் என் மோசே இல்லை.

இப்போது என் கதை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய வெளிநாட்டு மோசே படம் என்னிடம் வந்தது. டிவியில் போட, ஈஸ்டர் சமயத்துக்கு. படத்தின் பெயரும் சேனலின் பெயரும் வேண்டாம். அதில் நடித்தவர் நிஜமாகவே திக்கித் திக்கிப் பேசியிருந்தார். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆசை ஆசையாகத் தமிழில் திக்கல் எழுதினேன். எந்த எழுத்தில் நிற்கும், எந்த எழுத்தில் வழுக்கும் என்று எனக்குத் தெரியாததா? வாயசைப்பும் அச்சாகப் பொருந்தியது.

சேனலிலிருந்து வந்தவர் ஒரு ரீல் கேட்டுவிட்டு, "ஹீரோ சார் இவரு. திக்குனா காமெடி சீன் ஆயிடும். எல்லா ஜனமும் பாக்கப்போற படம், ஸ்ட்ரெய்ட்டா பேசட்டும்" என்றார். அவரை மட்டும் குற்றம் சொல்வானேன்? நம் சினிமாவில் திக்குவாய்க்காரன் வந்தால் சிரிக்க வேண்டும் என்று எத்தனை வருஷமாகப் பழக்கியிருக்கிறோம்.

வசனத்தை நேராக்கினால் வேறு தொல்லை. திரையில் அவர் உதடு திக்கிக்கொண்டே இருக்கிறது, நம் தமிழ் அதற்குள் முடிந்துவிடுகிறது. மிச்ச வாயை எதையாவது போட்டு நிரப்ப வேண்டும். என்ன செய்ய? 'என் ஜனங்களைப் போகவிடு' என்ற இடத்தில் 'ஆபிரகாமின் தேவனும் ஈசாக்கின் தேவனும் யாக்கோபின் தேவனுமாகிய கர்த்தர் சொல்லுகிறார்' என்று முன்னால் ஒரு ரயில் பெட்டியைக் கோத்தேன். உதடு மூடுகிற இடமாகப் பார்த்து 'சர்வ வல்லமை', 'பரிசுத்தம்' என்று செருகினேன். அவர் திக்கின இடமெல்லாம் தமிழில் அடைமொழி ஆனது. அதிலும் 'கர்த்தர்' என்று போட்டால் கத்தோலிக்கர்கள் அந்நியமாக நினைப்பார்கள், 'ஆண்டவர்' என்று மாற்றுங்கள் என்றார்கள். மாற்றினால் அசை மாறுகிறது, திரும்ப முதலிலிருந்து. ஒரே புத்தகம், எங்களுக்கு யாத்திராகமம், அவர்களுக்கு விடுதலைப் பயணம். இந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.

அன்றைக்கு சவுண்ட் இன்ஜினியர் ஒரு பாய். எங்கள் ஊர்ப்பக்கம்தான். டீ குடிக்கும்போது கேட்டார்: "தம்பி, எங்க மூசா நபியும் துஆ கேப்பாரே, நாக்குல இருக்க முடிச்ச அவுத்து வுடு ரப்பேன்னு. குர்ஆன்ல தாஹா சூராவுல வருது. அத ஏன் எடுக்கச் சொல்லுதாவ?" எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. எல்லா மதத்தவரும் பார்க்க வேண்டும் என்று எதை வெட்டினோமோ, அது பாய்க்கும் தெரியும், ஆச்சிக்கும் தெரியும். எந்த மதத்திலும் சேராத திக்குவாய்ப் பையனுக்குக் கேட்காமலே புரியும்.

அந்தப் படத்துக்குப் பேசின தொகை 15,000. வந்தது 9,000. மீதிக்கு 'பில் போட்டு அனுப்புங்க' என்றார்கள். போட்டேன். 'அக்கவுண்ட்ஸ்ல ஆள் மாறிட்டாங்க, திரும்ப அனுப்புங்க' என்றார்கள். அனுப்பினேன். குரல் கொடுக்கிறவர்கள் அன்றைக்கே வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள், நன்றாக இருக்கட்டும். எழுதுகிறவனுக்குத்தான் இந்த வனாந்தரப் பயணம். 'தமிழ் வசனம்' என்று என் பெயர் வருகிற இடத்தில் சோப்பு விளம்பரம் போட்டார்கள். எல்லா இடத்திலும் இப்படி என்று சொல்லவில்லை. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்கே தெரிகிறது.

படம் ஓடிய மறுநாள் சித்தப்பா போன் பண்ணினார். "வசனமெல்லாம் கெம்பீரமா இருந்துச்சுடே. மோசேன்னா அப்படித்தான பேசியிருப்பாரு!"

நீங்கள் செங்கடல் பிளக்கும் காட்சியைப் பற்றிக் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன், எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். டிமில் 1923-இல் மௌனப்படமாக எடுத்தபோது ஜெல்லியை உருக்கிப் படம்பிடித்துப் பின்னோக்கி ஓட்டினார். 1956-இல் தொட்டியில் தண்ணீரைக் கொட்டி அதையும் பின்னோக்கி ஓட்டினார். இரண்டிலும் நொடியில் கடல் பிளந்துவிடும். யாத்திராகமம் 14:21-இல் இராமுழுதும் கீழ்காற்று, அதாவது கிழக்குக் காற்று, அடிக்கிறது. பின்னால் பார்வோன் சேனை, முன்னால் இருட்டு, விடிய விடியக் காற்று. அந்த ராத்திரியை இதுவரை யாரும் ஒழுங்காக எடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. கிராஃபிக்ஸ் செலவும் மிச்சம், தயாரிப்பாளரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

காதல் வைக்க வேண்டுமா, வையுங்கள். கல் ராட்சதர் வேண்டுமா, அதையும் வையுங்கள். அந்த 80 வயசுக்காரரை மட்டும் திக்க விடுங்கள். வசனத்துக்கு ஆள் தேவைப்பட்டால் நான் இருக்கிறேன், திக்கல் எழுத எனக்குத் தனியாகப் பயிற்சி வேண்டாம். பணம் மட்டும் முன்கூட்டியே, முழுசாக.