மேயர் கையெழுத்துப் போடாவிட்டால் மசோதா செத்துவிடுமா?

இல்லை நண்பரே. உங்கள் கடையைப் பாதிக்கும் மசோதாவை நியூயார்க் நகர மன்றம் நிறைவேற்றி 40 நாளாகியும் மேயர் கையெழுத்திடவில்லை என்கிறீர்கள். அப்படியானால் அது பெரும்பாலும் ஏற்கெனவே சட்டமாகியிருக்கும். அவருக்கு 30 நாள்தான் அவகாசம். கையெழுத்தும் இல்லை, மறுப்பும் இல்லை என்றால் தானாகவே சட்டம். குடியரசுத் தலைவர் சும்மா இருந்தே மசோதாவைக் கொல்லும் வழி வாஷிங்டனில் உண்டு. பலரும் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

மறுத்தால்தான் சிக்கல். மன்றத்தில் 51 பேர். நிறைவேற்ற 26 வாக்குகள் போதும், மறுப்பை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 34 வேண்டும். மறுப்பு மன்றத்தின் முன் வைக்கப்பட்டதிலிருந்து அதற்கும் 30 நாள்தான்.

ஆனால் முதலில், நீங்கள் பார்த்தது மசோதாதானா என்று உறுதிசெய்யுங்கள். மன்றத்தின் லெஜிஸ்டார் என்னும் இணையதளத்தில் எண்ணுக்கு முன் 'இன்ட்.' (Int.) என்றிருந்தால் மசோதா. 'ரெஸ்.' (Res.) என்றிருந்தால் தீர்மானம். அது பெரும்பாலும் மன்றத்தின் கருத்து மட்டுமே, மேயரிடம் போகாது, உங்கள் கடையைக் கட்டுப்படுத்தாது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

மசோதாவென்றால் அதே பக்கத்தில் 'உள்ளூர்ச் சட்டம்' (Local Law) என்று ஆண்டும் எண்ணும் ஏறியிருக்கிறதா பாருங்கள். பிறகு கடைசிப் பிரிவைப் படியுங்கள். அமலுக்கு வரும் நாள் அங்கேதான் இருக்கும்: சிலவற்றில் "உடனடியாக", சிலவற்றில் 90 அல்லது 180 நாள் கழித்து. அந்த நாள் வரை பழைய விதிப்படிதான் கடை நடத்தலாம்.