வாசகர் கேள்வி – பதில்: பரணி ஒயினும் பழைய புட்டியும்

கேள்வி: கிறிஸ்துமஸுக்காகக் கம்பத்துப் பன்னீர் திராட்சை வாங்கி, பட்டை, கிராம்பு, கோதுமை சேர்த்துப் பரணியில் (பீங்கான் ஜாடியில்) ஒயின் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். சுவைத்தவர்கள் விலைக்குக் கேட்கிறார்கள். நான் விற்கும் கேக்குடன் சேர்த்துக் கொடுக்கலாமா? (வாசகி, குமுளி)

பதில்: கூடாது. குமுளி கேரளத்தில் இருப்பதால் அம்மாநிலத்தின் மது தொடர்பான அப்காரிச் சட்டமே உங்களுக்குப் பொருந்தும். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதும் விற்பதும் அதன் 55ஆம் பிரிவின்படி 10 ஆண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கத்தக்க குற்றங்கள். வீட்டில் போடும் ஒயினும் இதில் அடங்கும் என்று கேரளக் கலால் துறை 2019 டிசம்பரில் வெளிப்படையாகவே எச்சரித்தது. தயாரிப்பே குற்றம் என்னும்போது, கேக்குக்கு மட்டும் விலை வைத்து ஒயினை இலவசம் என்று சொல்வதால் பயனில்லை. மலையிறங்கிக் கம்பத்தில் விற்கலாம் என்றாலும் வழியில்லை; 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டமும் உரிமமின்றித் தயாரிக்கவோ விற்கவோ அனுமதிப்பதில்லை.

சட்டம் ஒருபுறமிருக்க, பரணி ஒயினின் வீரியம் போட்டவருக்கே தெரியாது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை புளித்தால் ஒரு சதவீத ஆல்கஹால் உண்டாகும். பழத்தின் இனிப்போடு நாம் அள்ளிப் போடும் சர்க்கரையும் சேர்வதால், 'குழந்தைகளுக்கும் கொடுக்கலாம்' என்று சிலர் நீட்டும் குவளையில் கடை ஒயினுக்கு நிகரான போதை இருக்கக்கூடும். புளிப்பு அடங்குமுன் புட்டியில் அடைத்து இறுக மூடினால், உள்ளே சேரும் கரியமில வாயுவால் புட்டி வெடிப்பதும் உண்டு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் திராட்சையின் மணம் ஸ்குவாஷிலும் ஜாமிலும் நன்றாகவே நிற்கும். உணவுப் பாதுகாப்புப் பதிவு பெற்று அவற்றைக் கேக்குடன் விற்பதே என் யோசனை.

கேள்வி: தினமும் ஒரு குவளை சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று நண்பர் வற்புறுத்துகிறார். எனக்கு வயது 58. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கிறேன். (வாசகர், போடிநாயக்கனூர்)

பதில்: தொடங்காதீர்கள். மிதமாகக் குடிப்பவர்களே நலமாக இருக்கிறார்கள் என்று காட்டிய பழைய ஆய்வுகள் பலவற்றில், உடல்நலம் கெட்டதால் குடியை விட்டவர்களும் 'குடிக்காதவர்கள்' பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தனர். ஒப்பீடு அங்கேயே சாய்ந்துவிட்டது. எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது என்று சொல்ல இயலாது என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது 1980களிலேயே உறுதிசெய்யப்பட்ட செய்தி. இதயத்தைக் காக்கும் என்று பெரிதாகப் பேசப்படும் ரெஸ்வெரட்ரால் என்ற பொருள் ஒரு லிட்டர் ஒயினில் சில மில்லிகிராம்தான் இருக்கும்; அது திராட்சைத் தோலிலிருந்து வருவதுதானே, அதற்காக மதுவை நாட வேண்டியதில்லை.

உங்களுக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. மதுவைச் சிதைக்கும் வேலையில் இருக்கும் கல்லீரல், இரத்தத்துக்குச் சர்க்கரை தருவதைக் குறைத்துவிடுவதால், கிளிமெபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவருக்கு, குறிப்பாக வெறும் வயிற்றில் குடித்தால், நள்ளிரவில் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். அதன் தடுமாற்றத்தைப் பார்ப்பவர்கள் போதை என்றே நினைத்து விட்டுவிடுவார்கள். மெட்ஃபார்மின் எடுப்பவர் அளவு மீறிக் குடித்தால் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடும் அபாயமும் இருக்கிறது. நண்பரின் யோசனையை விட உங்கள் மருத்துவரின் சொல்லே இங்கு செல்லும்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து மகன் கொண்டுவந்த இரண்டு ஒயின் புட்டிகள் பல ஆண்டுகளாகப் பரணில் கிடக்கின்றன. பழையதானால் விலை கூடுமாமே, யாரிடம் விற்கலாம்? (வாசகர், செங்கோட்டை)

பதில்: யாரிடமும் விற்க முடியாது. பயணி ஒருவர் சுங்கவரியின்றி இரண்டு லிட்டர் மது கொண்டுவரலாம் என்பது சொந்த உபயோகத்துக்கான சலுகை. தமிழகத்தில் தனியார் ஒருவர் மற்றவருக்கு மது விற்பது குற்றம். உங்கள் புட்டிகளுக்கு விலை இருக்கவும் வாய்ப்பு குறைவு. சந்தைக்கு வரும் ஒயின்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் குடிப்பதற்காகவே செய்யப்படுகின்றன; நாள்பட்டு மெருகேறும் உயர்ரகங்களும் 12 முதல் 14 டிகிரி குளிர்ச்சியில், வெளிச்சம் படாமல், தக்கை உலராதபடி படுக்கவைத்துக் காக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். ஓட்டுக்கூரைக்கு அடியில் வெயிலைத் தாங்கிய புட்டியில் இப்போது இருப்பது ஏறக்குறைய காடியாகத்தான் இருக்கும்.

கேள்வி: திறந்த ஒயின் எத்தனை நாள் தாங்கும்? (வாசகர், மூணாறு)

பதில்: மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று முதல் ஐந்து நாள். ஆஸ்துமா உள்ளவர்கள் லேபிளில் சல்ஃபைட் (ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருள்) என்ற குறிப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும்; சிலருக்கு அது மூச்சிரைப்பை உண்டாக்கும்.