சகோதரத்துவமும் பேருந்துக் கட்டணமும்

அன்புள்ள ஐயா,

லாட்வியத் தலைநகர் ரீகாவில் முதுகலை படிக்கிறேன். இது என் முதல் குளிர்காலம். அறைத்தோழர் இழுத்துக்கொண்டு போனதில் கூடைப்பந்து பார்க்கத் தொடங்கினேன். இங்கே லாட்வியாவுக்கும் எஸ்டோனியாவுக்கும் சேர்த்து ஒரே தொழில்முறை லீக். மைதானத்தில் உட்கார்ந்திருக்கும்போது எல்லைகள் கண்முன்னே கரைவதுபோல இருக்கிறது. 1989இல் கைகோத்து நின்ற மக்களின் சகோதரத்துவம்தான் இன்று பந்தாக எழும்புகிறது என்று ஒரு கட்டுரை எழுதி இணைத்திருக்கிறேன். விளையாட்டைப் பற்றி எழுத என்னென்ன நூல்கள் படிக்க வேண்டும்? இதை எங்கே அனுப்பலாம்? தமிழில் இதற்கெல்லாம் மதிப்பு உண்டா?

பெயர் வேண்டாம்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நாலு மணிக்குள் இருட்டிவிடும் ஊரில், பரீட்சைக்கு நடுவே, தமிழில் ஆறு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதற்காகவே உங்களைப் பிடித்துப்போயிற்று. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

மதிப்பு உண்டா என்று எழுதுவதற்கு முன்பே கேட்பவருக்கு என்னிடம் பதில் இல்லை. அதை விடுங்கள்.

கட்டுரைக்கு வருகிறேன். ஆறு பக்கத்தில் ‘சகோதரத்துவம்’ பதினொரு முறை வருகிறது. பேருந்து ஒரு முறைகூட வரவில்லை. ரீகாவிலிருந்து எஸ்டோனியத் தலைநகர் டாலினுக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பனியில் நாலரை மணி நேரம் உட்கார்ந்து போய், ஆடிவிட்டு, அதே பேருந்தில் திரும்புகிற ஏழடி மனிதர்கள் காலை எங்கே நீட்டுவார்கள் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? வாரம் தவறாமல் மைதானத்துக்குப் போகிறவர் நீங்கள். நான் இங்கே இருந்துகொண்டு கேட்க வேண்டிய கேள்வியா இது?

சரி, கோபம் போதும். உங்கள் கடிதம் எனக்கு வேறொரு காரணத்தால் முக்கியமானது. போன வாரம் தங்கை தொலைபேசியில், ஊரில் எங்கள் வீட்டுக் கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள் என்றாள். அப்போதிலிருந்து அந்தக் கிணறேதான் மனசில் இருக்கிறது.

அது பொதுக்கிணறு. பாதி எங்கள் கொல்லையில், பாதி பக்கத்து வீட்டில். நடுவில் மதில் கிணற்றுக்கு மேலேயே போகும். இந்தப் பக்கம் ஒரு கப்பி, அந்தப் பக்கம் ஒரு கப்பி. ஏதோ ஒரு கல்யாணத்தில் தொடங்கிய சண்டை, அம்மாவும் அந்த வீட்டு அத்தையும் பல வருடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. ஆனால் சித்திரை பிறந்து தண்ணீர் சேறாக வந்தால் என்னைக் கூப்பிட்டு, “தூர் வார ஆள் சொல்லியாச்சு, பாதிப் பணம் கொடுக்கச் சொன்னாங்கன்னு போய்ச் சொல்லு” என்பாள் அம்மா. அத்தை முந்தானையில் முடிந்த பணத்தை அவிழ்த்து எண்ணித் தருவாள். ஒரு பைசா குறைந்ததில்லை. கயிறும் வாளியும் மட்டும் அவரவருடையது. எங்கள் வாளி உள்ளே விழுந்தால்கூட அவர்கள் பாதாளக் கொலுசை இரவல் கேட்க மாட்டோம். அப்புறம் இரண்டு வீட்டிலும் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். அதோடு அந்த ஒரு பேச்சும் நின்றது.

உங்கள் லீகும் இப்படிப்பட்ட கிணறுதான் என்பேன். 1989 ஆகஸ்ட் 23 அன்று டாலினிலிருந்து ரீகா வழியாக லிதுவேனியாவின் வில்னியஸ் வரை, சோவியத் ஆட்சிக்கு எதிராக அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட மனிதச் சங்கிலியை உருக்கமாக வர்ணித்திருக்கிறீர்கள். நல்ல பத்தி, அதில் கை வைக்காதீர்கள். ஆனால் அன்று கைகோத்தவை மூன்று நாடுகள். லீகில் இருப்பவை இரண்டு. மூன்றாவதான லிதுவேனியா எங்கே போயிற்று? உங்கள் கட்டுரை இதைக் கேட்கவே இல்லை.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. லாட்விய மொழியும் லிதுவேனிய மொழியும் ஒரே குடும்பம். பால்டிக் கிளையில் இன்று உயிரோடு மிஞ்சியவை இந்த இரண்டும்தான். எஸ்டோனிய மொழிக்கும் இவற்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அது ஃபின்னிஷ் மொழிக்கு நெருக்கமானது. ரத்த உறவுதான் காரணம் என்றால் லாட்வியா லிதுவேனியாவோடு அல்லவா சேர்ந்திருக்க வேண்டும்? சேர்ந்தும் பார்த்தார்கள். 2004இல் தொடங்கிய பால்டிக் லீகில் மூன்று நாட்டு அணிகளும் ஆடின. 2018இல் அது முடிந்தது. அதே ஆண்டு லாட்வியாவும் எஸ்டோனியாவும் இந்தப் பொது லீகைத் தொடங்கின. லிதுவேனியா வரவில்லை. ஏன் வர வேண்டும்? அவர்களுடைய கௌனாஸ் நகரில் பதினைந்தாயிரம் பேர் உட்காரும் அரங்கம் இருக்கிறது, ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் யூரோலீகில் ஆடும் ஷால்கிரிஸ் அணி இருக்கிறது, உள்நாட்டு லீகுக்கே கூட்டம் வருகிறது. அவர்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணறு போட்டாயிற்று.

எஸ்டோனியாவின் மக்கள்தொகை பதின்மூன்று லட்சத்தைச் சுற்றி. லாட்வியா இருபது லட்சத்தைத் தொடாது. இந்தத் தலைக்கட்டை வைத்துக்கொண்டு தனித்தனியாக லீக் நடத்தினால் அதே ஏழெட்டு அணிகள் ஒன்றையொன்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். விளம்பரம் தருபவன் எத்தனை நாள் தருவான்? பெல்ஜியமும் நெதர்லாந்தும் 2021இல் ஒரே கூடைப்பந்து லீகாகச் சேர்ந்ததற்கும் கணக்கு ஏறக்குறைய இதுதான். இதைச் சொன்னால் அன்பைக் கொச்சைப்படுத்துகிறேன் என்பீர்கள். அத்தை எண்ணிக் கொடுத்த பணத்தில் எனக்குத் தெரிந்த மரியாதை, பல கட்டித் தழுவல்களில் தெரிந்ததில்லை.

வாளி விஷயத்துக்கு வருகிறேன். பொது லீக் முடிந்து கோப்பையும் கொடுத்த பிறகு என்ன நடக்கிறது? லாட்விய அணிகள் தங்களுக்குள் ஆடி லாட்விய சாம்பியனைத் தேர்ந்தெடுக்கின்றன. எஸ்டோனிய அணிகள் தங்களுக்குள் ஆடி எஸ்டோனிய சாம்பியனை. பெல்ஜியமும் நெதர்லாந்தும்கூட தேசியப் பட்டத்தைத் தனித்தனியாகத்தான் வைத்திருக்கின்றன. உங்கள் கட்டுரையில் இது ஒரே வரி, அதுவும் ‘பழைய குறுகிய மனப்பான்மையின் மிச்சம்’ என்று. எனக்குச் சுருக்கென்றது. 1935இல் ஜெனிவாவில் நடந்த முதல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற நாடு லாட்வியா. ஐந்தே ஆண்டில் சோவியத் ஒன்றியம் விழுங்கி, வரைபடத்தில் அந்த நாடே இல்லை. 1958 முதல் மூன்று ஆண்டு தொடர்ந்து ஐரோப்பிய சாம்பியன் கிளப்பாக இருந்தது ரீகா ராணுவ அணி, ஆனால் கணக்கு சோவியத் பெயரில். 1949இல் எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழக அணியும், 1991இல் ஒன்றியம் உடையப்போகிற நேரத்தில் டாலினின் காலெவும் சோவியத் சாம்பியன்கள். அரை நூற்றாண்டு இன்னொருவர் பெயரில் ஜெயித்தவர்கள், தங்கள் பெயர் பொறித்த ஒரு கோப்பையைத் தனியாக எடுத்துவைத்துக்கொண்டால் அது குறுகிய மனமா?

டார்ட்டு ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்த 2024இல் அங்கே ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். அப்போது ஒரு ஆட்டம் பார்த்தேன், ரீகா அணி வந்திருந்தது. யார் ஜெயித்தார்கள் என்பது நினைவில்லை. எனக்கு முன்வரிசையில் இரண்டு கிழவர்கள், ஒருவர் உள்ளூர்க்காரர், மற்றவர் ரீகாவிலிருந்து அணியோடு வந்தவர். ஆடுகளத்தில் பையன்களும் நடுவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். இவர்கள் இருவரும் ரஷ்ய மொழியில். எந்த ஆட்சியிலிருந்து விடுபட்டார்களோ அதன் மொழிதான் அவர்களுக்குள் பாலம். என்ன பேசுகிறார்கள் என்று நண்பரைக் கேட்டேன். “நடுவரைத் திட்டுகிறார்கள், இரண்டு பேரும் சேர்ந்து” என்றார். இடைவேளையில் உள்ளூர்க்காரர் போய் இரண்டு காகிதக் கோப்பையில் காபி வாங்கி வந்தார். ரீகாக்காரர் உடனே சில்லறையை எடுத்து நீட்டினார். அவரும் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் நண்பர் என்னை எல்லையிலிருக்கும் வல்காவுக்குக் கூட்டிப்போனார். ஒரே ஊரை 1920இல் ஒரு பிரிட்டிஷ் கர்னல் இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார். 2007 கடைசியில் சோதனைச் சாவடிகள் போயின. அந்த ஊர்க் கூடைப்பந்து அணி சில ஆண்டுகள் இரண்டு பாதிகளின் பெயரையும், கூடவே ஒரு இறைச்சி நிறுவனத்தின் பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்டு இந்த லீகில் ஆடியது. உங்கள் கட்டுரைக்கு அந்தப் பெயர்ப்பலகை ஒன்றே போதும். அதை விட்டுவிட்டுப் பந்தை ‘பூமிக்கோளம்’ ஆக்கியிருக்கிறீர்கள்!

ஒரு இடத்தை மட்டும் உங்கள் போக்கிலேயே விடுகிறேன். போர் தொடங்கிய பின் 2022–23இல் உக்ரைனின் ப்ரொமெதேய் அணியை இந்த லீகில் சேர்த்துக்கொண்டார்கள், அந்த ஆண்டு கோப்பையை அவர்களே வென்றார்கள். அதில் பேருந்துக் கணக்கெல்லாம் இல்லை. அந்தப் பத்தியில் ‘சகோதரத்துவம்’ இருக்கட்டும். மற்ற பத்தையும் அடித்துவிடுங்கள்.

நூல் பட்டியல் கேட்டிருந்தீர்கள், தரப்போவதில்லை. அடுத்த முறை எஸ்டோனிய அணி ரீகாவுக்கு வரும்போது ஆட்டம் முடிந்ததும் அறைக்கு ஓடாதீர்கள். அவர்கள் பேருந்து ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுங்கள், வழியில் எங்கே நிறுத்திச் சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். எழுதியதும் வேறெங்கும் அனுப்புவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள். மூன்று பக்கத்துக்கு மேல் போனால் படிக்க மாட்டேன்.