ஃபைபர் இருக்க டாங்கிள் தேய்வது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

(இப்பகுதியில் கட்டளைகளைப் படிக்கும் ஒலியிலேயே தமிழில் அச்சிட்டுள்ளோம். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், புள்ளியும் இணைப்புக்கோடும் இடைவெளியும் மாறாமல் தட்டச்சிட வேண்டும்.)

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், கம்ப்யூட்டர் வேலையும் என் தலையில்தான். இரண்டு லேன் போர்ட் உள்ள சிறிய லினக்ஸ் கணினி ஒன்றை ரவுட்டராக அமைத்துத் தந்த தம்பி, பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அதில் ஃபைபர் இணைப்பும், அது அறுந்தால் கைகொடுக்க 4ஜி டாங்கிளும் உள்ளன. ஃபைபர் நன்றாக இருக்கும்போதே டாங்கிளின் ஒரு நாள் டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. பிறகு உண்மையிலேயே ஃபைபர் அறுகிற நேரத்தில் இ-வே பில் எடுக்கக்கூட வழியில்லை. ஃபைபர் புரொஃபைலின் ஆட்டோகனெக்ட்-பிரையாரிட்டியை 100 என்று உயர்த்தியும் பலனில்லை. மின்தடைக்குப் பிறகு ஃபைபர் தானாக வரவும் நேரமாகிறது. பட்டியலில் பெயர் தெரியாத பழைய புரொஃபைல்கள் வேறு கிடக்கின்றன. என்ன செய்யலாமுங்க?
– கணக்காளர் ஒருவர், திருப்பூர்

பதில்: நீங்கள் உயர்த்திய எண்ணுக்கும் டேட்டா தீர்வதற்கும் தொடர்பில்லை. ஏன் என்பதை அறிய, உங்கள் கணினியில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் என்னும் மென்பொருள் வேலை செய்யும் முறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அது டிவைஸ், புரொஃபைல் என இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்கிறது. லேன் போர்ட்டும் டாங்கிளும் டிவைஸ்கள். அவற்றை எந்த யூசர்நேமில், எந்த முகவரியில், எந்த நிபந்தனையில் இயக்க வேண்டும் என்று எழுதி வைத்திருப்பதே புரொஃபைல். உங்கள் ஊர்ச் சாயப்பட்டறையில் மெஷின் ஒன்றாக இருந்தாலும் ஷேடுக்கு ஒரு ரெசிபி இருப்பதுபோல, ஒரே போர்ட்டுக்குப் பல புரொஃபைல்கள் இருக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் அதில் ஒன்றுதான் ஓடும். ரெசிபித் தாளைத் திருத்தினால், ஏற்கெனவே மெஷினுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் துணியின் நிறம் மாறாது அல்லவா? அப்படியே, மாடிஃபை என்னும் கட்டளையும் புரொஃபைலைத் திருத்திச் சேமிக்குமே தவிர, அந்நேரம் ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பைத் தொடாது. அதை மறுபடி மேலேற்றினால்தான் திருத்தம் நடைமுறைக்கு வரும்.

முதலில் டெர்மினலில் (கட்டளை தட்டச்சிடும் திரையில்) ‘என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் ஷோ’ என்று கொடுங்கள். நான்கு பத்திகளில் ஒரு பட்டியல் வரும்: புரொஃபைலின் பெயர், யுயுஐடி என்னும் நீண்ட அடையாள எண், வகை, டிவைஸ். நான்காம் பத்தியில் போர்ட்டின் பெயர் இருந்தால் அந்தப் புரொஃபைல் இப்போது ஓடுகிறது. இரண்டு சிறு கோடுகள் மட்டும் இருந்தால் அது வெறுமனே சேமிப்பில் கிடக்கிறது. ஃபைபரின் வகை பிபிபிஓஇ (யூசர்நேமும் கடவுச்சொல்லும் தந்து இணையும் முறை) என்றிருக்கும். டாங்கிளுக்கு நேரே உள்ள வகையைக் கூர்ந்து பாருங்கள். அங்கே ஜிஎஸ்எம் (மொபைல் மோடம்) என்று இல்லாமல் ஈதர்நெட் (லேன் கம்பி இணைப்பு) என்று இருந்தால், உங்கள் சிக்கலின் வேர் பெரும்பாலும் அதுதான்.

ஆட்டோகனெக்ட்-பிரையாரிட்டி என்பது, ஒரே போர்ட்டுக்கு உரிய பல புரொஃபைல்களில் எதை முதலில் எடுப்பது என்பதைத் தீர்மானிக்கிற எண். –999 முதல் 999 வரை தரலாம்; பெரிய எண்ணுக்கே முன்னுரிமை. ஃபைபரும் டாங்கிளும் வெவ்வேறு டிவைஸ்கள் என்பதால் அவற்றுக்குள் இந்தப் போட்டியே வராது; இரண்டும் ஒரே நேரத்தில் மேலேறி நிற்கும். அப்படி இரண்டும் நிற்கும்போது, வெளியே போகும் போக்குவரத்து எந்த வழியில் போகும் என்பதை ரவுட்-மெட்ரிக் என்னும் வேறோர் எண் தீர்மானிக்கிறது. இதில் கணக்கு தலைகீழ்: சிறிய எண்தான் வெல்லும். நாம் எதுவும் குறிப்பிடாதபோது நெட்வொர்க் மேனேஜர் ஈதர்நெட்டுக்கு 100, வைஃபைக்கு 600, மொபைல் மோடத்துக்கு 700 என்ற அளவில் தானே எண் போட்டுக்கொள்ளும். மோடம் கடைசியில் நிற்பதுதான் முறை. ஆனால் இன்று கடைகளில் கிடைக்கும் டாங்கிள்களில் பல, தம்மை மோடம் என்று சொல்லிக்கொள்வதில்லை; உள்ளேயே ஒரு சிறு ரவுட்டரை வைத்துக்கொண்டு, கணினியிடம் ஈதர்நெட் அட்டையாகவே நிற்கின்றன. அதனால் அவற்றுக்கு 100 அல்லது அதையொட்டிய எண் கிடைத்துவிடுகிறது. பிபிபிஓஇ-க்கு அதைவிடப் பெரிய எண் விழுந்தால், ஃபைபர் சும்மா நிற்க டாங்கிள் உழைக்கும்.

இதை ஊகமாக விட வேண்டாம். ‘ஐபி ரவுட் ஷோ டிஃபால்ட்’ என்று கொடுத்தால், இணையத்துக்குப் போகும் வழிகள் ஒவ்வொன்றும் ஒரு வரியாக வரும். பிபிபி0 என்று டிவைஸ் பெயர் உள்ள வரி ஃபைபருடையது. மற்றது டாங்கிளுடையது, அதில் வயா என்பதற்குப் பின் பல டாங்கிள்களில் 192.168.8.1 என்பது போன்ற முகவரி இருக்கும். இரு வரிகளின் கடைசியிலும் மெட்ரிக் எண் உண்டு. டாங்கிளின் எண் சிறியதாக இருந்தால் நோய் உறுதியாகிவிட்டது.

மருந்து எளிது. ஓடுகிற ஃபைபரைத் தொடவே வேண்டாம். டாங்கிளைப் பின்னுக்குத் தள்ளினால் போதும். டாங்கிள் புரொஃபைலின் பெயர் ‘டாங்கிள்’ என்றே இருப்பதாகக் கொண்டால், ‘என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் மாடிஃபை டாங்கிள் ஐபிவி4.ரவுட்-மெட்ரிக் 800’ என்று கொடுத்து, அதே கட்டளையை ஐபிவி6 என்று மாற்றி இன்னொரு முறையும் கொடுங்கள். ஐபிவி4, ஐபிவி6 என்பவை இணைய முகவரியின் பழைய, புதிய வகைகள்; 4ஜி சேவைகளில் ஐபிவி6 பரவலாக இருப்பதால், இரண்டாவதை விட்டுவிட்டால் ஒரு பகுதிப் போக்குவரத்து டாங்கிளிலேயே தொடரக்கூடும். அடுத்து, ‘என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் அப் டாங்கிள்’ என்று கொடுத்தால் டாங்கிள் மட்டும் ஒருமுறை இறங்கி ஏறும். அதன் வழியே ஓடிக்கொண்டிருந்த பதிவிறக்கங்கள் அறுந்து மீண்டும் தொடங்கலாம் என்பதால், கணக்குப் பிரிவும் மெர்ச்சண்டைசிங்கும் சாப்பாட்டுக்கு எழுந்த நேரத்தில் செய்வது நல்லது. பிறகு மறுபடியும் வழிகளின் பட்டியலைப் பார்த்து, டாங்கிளுக்கு நேரே 800 வந்துவிட்டதா என்று உறுதிசெய்யுங்கள்.

அந்தப் பட்டியலில் எப்போதாவது 20,000-க்கு மேற்பட்ட எண் தெரிந்தால் திகைக்க வேண்டாம். இணையம் உண்மையில் எட்டுகிறதா என்று சோதிக்கும் வசதி இயங்கும் கணினிகளில், சோதனையில் தவறிய வழியின் மெட்ரிக்கோடு நெட்வொர்க் மேனேஜர் 20,000-ஐக் கூட்டி அதைப் பின்னுக்குத் தள்ளிவிடும். கம்பி நன்றாக இருந்து, சேவை நிறுவனத்துக்கு அப்பால் பழுது ஏற்படும் நாள்களில் உங்களைக் காப்பது இந்த வசதிதான். கம்பியே அறுந்தால் பிபிபிஓஇ அதை உணர வேண்டும். அதற்கு ஃபைபர் புரொஃபைலில் ‘பிபிபி.எல்சிபி-எக்கோ-இன்டர்வல் 10’, ‘பிபிபி.எல்சிபி-எக்கோ-ஃபெயிலியர் 3’ என்ற இரண்டையும் மாடிஃபை மூலம் எழுதி வையுங்கள். 10 விநாடிக்கு ஒருமுறை எதிர்முனையைத் தட்டிப் பார்த்து, 3 முறை பதில் வராவிட்டால் இணைப்பை இறக்கிவிடும்; ஏறத்தாழ அரை நிமிடத்தில் டாங்கிள் பொறுப்பேற்கும்.

மின்தடை விஷயத்தில், கரண்ட் வந்ததும் உங்கள் கணினி விரைவாக எழுந்துவிடுகிறது. ஃபைபர் பெட்டி விளக்கெல்லாம் நிலைத்துத் தயாராக அதைவிட அதிக நேரம் எடுக்கிறது. தானாக இணையும் முயற்சியில் 4 முறை தோற்றால் நெட்வொர்க் மேனேஜர் அந்தப் புரொஃபைலைச் சில நிமிடங்கள் ஒதுக்கி வைத்துவிடும். நீங்கள் காத்திருப்பது அந்த நிமிடங்களைத்தான். ஃபைபர் புரொஃபைலில் ‘கனெக்‌ஷன்.ஆட்டோகனெக்ட்-ரீட்ரைஸ் 0’ என்று எழுதினால், கிடைக்கும்வரை விடாமல் முயலும். இங்கே 0 என்பதற்கு ‘முயலாதே’ என்று பொருள் அன்று, ‘எல்லையில்லை’ என்று பொருள். ஃபைபர் பெட்டிக்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று வைத்துவிட்டால் இந்தப் பேச்சே எழாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய புரொஃபைல்களை அழிக்கும் ஆசையை ஒரு மாதமாவது தள்ளிப் போடுங்கள். டிலீட் என்று கொடுத்தால் ‘நிச்சயமா?’ என்ற கேள்விகூட வராது. ஃபைபரின் யூசர்நேமும் கடவுச்சொல்லும் வேறெங்கும் எழுதி வைக்கப்படாமல், அந்தப் பழைய புரொஃபைலுக்குள் மட்டுமே இருக்கும் அலுவலகங்கள் நம் பக்கத்தில் ஏராளம். ஐயமுள்ள ஒவ்வொன்றுக்கும் ‘கனெக்‌ஷன்.ஆட்டோகனெக்ட் நோ’ என்று மட்டும் எழுதினால், அது தானாக மேலேறாமல் அப்படியே கிடக்கும். மறுபடி தேவைப்பட்டால் கையால் ஏற்றிக்கொள்ளலாம். ஏதேனும் ஒன்றைச் சோதித்துப் பார்க்க விரும்பினால், ‘என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் க்ளோன்’ என்பதன் பின் பழைய பெயரையும் புதுப் பெயரையும் தந்து நகலெடுத்து, கைவரிசையை நகலில் காட்டுங்கள். பெயரை ‘நியூ’, ‘நியூ1’, ‘ஃபைனல்’ என்று வைக்காமல், எந்தச் சேவை, எந்தப் போர்ட், எந்த மாதம் என்பது தெரியும்படி வையுங்கள்.

சேமித்த புரொஃபைல்கள் பொதுவாக ஈடிசி என்னும் ஃபோல்டருக்குள், நெட்வொர்க் மேனேஜரின் சிஸ்டம்-கனெக்‌ஷன்ஸ் என்ற உட்பகுதியில், புரொஃபைலுக்கு ஒரு கோப்பாக இருக்கும். கை வைப்பதற்கு முன் அந்த ஃபோல்டரை முழுதாக ஒரு பென்டிரைவில் நகலெடுங்கள். அக்கோப்புகளில் கடவுச்சொற்கள் படிக்கும் எழுத்திலேயே இருப்பதால்தான், நிர்வாகியைத் தவிர வேறெவரும் திறக்க முடியாதபடி அவை பூட்டப்பட்டுள்ளன. பென்டிரைவில் அந்தப் பூட்டு இருக்காது என்பதால் அதை மேசையில் போட்டு வைக்காதீர்கள்.

வீட்டிலிருந்தபடி இவற்றைச் செய்ய நேர்ந்தால், ‘மாடிஃபை’ என்பதையடுத்து ‘--டெம்பரரி’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். திருத்தம் நினைவகத்தில் மட்டும் இருக்கும். இணைப்பு அறுந்து நீங்கள் வெளியே நின்றுவிட்டால், வாட்ச்மேனை அழைத்துக் கணினியை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னால் பழைய நிலை திரும்பிவிடும்.

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் கேபிள் டிவியோடு இணைய இணைப்பும் கொடுத்து வருகிறேன். மைக்ரோடிக் ரவுட்டரில் பிபிபி புரொஃபைலின் ரேட்-லிமிட்டை (வேக வரம்பை) ‘50எம்/20எம்’ என்று உயர்த்தினேன். சிலருக்கு எந்த மாற்றமும் இல்லை. மாற்றம் கண்டவர்களோ, அப்லோடு பறக்கிறது, டவுன்லோடு 20-தான் வருகிறது என்று சண்டைக்கு வருகிறார்கள்.
– கேபிள் ஆபரேட்டர், கோபிசெட்டிபாளையம்

பதில்: இரண்டு தனிக் காரணங்கள். மைக்ரோடிக்கின் பிபிபி புரொஃபைலில் உள்ள வேக வரம்பு, வாடிக்கையாளர் இணையும் நொடியில் எடுத்துக்கொள்ளப்படுவது. ஏற்கெனவே இணைந்திருப்பவர்களின் வரம்பு அவர்கள் அறுந்து மீண்டும் இணையும்வரை பழையதாகவே இருக்கும். அதிகாலையில், ‘பிபிபி ஆக்டிவ்’ பட்டியலிலிருந்து ஒரு தெருவாரைத் தேர்ந்து ‘ரிமூவ்’ கொடுத்தால், அவர்களுடைய வீட்டு ரவுட்டர்கள் சில விநாடிகளில் தாமே மீண்டும் டயல் செய்து புதிய வரம்போடு வந்து சேரும். எல்லாரையும் ஒரே மூச்சில் அறுத்துவிடாதீர்கள்; அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்ப வந்து முட்டினால் சிறிய ரவுட்டர் திணறும். உங்களிடம் ரேடியஸ் சர்வர் (வாடிக்கையாளர் கணக்குகளைச் சரிபார்க்கும் கணினி) இருந்து, வேக வரம்பு அங்கிருந்து வருகிறது என்றால், புரொஃபைலில் எழுதியது எடுபடாது. அங்கேயே மாற்ற வேண்டும்.

அடுத்தது, ரேட்-லிமிட்டில் சாய்கோட்டுக்கு முன்னுள்ள எண் உங்கள் ரவுட்டர் வாங்குவது, பின்னுள்ளது அது கொடுப்பது. ரவுட்டர் வாங்குவது என்றால் வாடிக்கையாளரின் அப்லோடு. எனவே ‘20எம்/50எம்’ என்று எழுதுவதே சரி (இதில் ‘எம்’ மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில்).

டவர் உச்சியிலோ தோட்டத்துச் சாலையிலோ உள்ள மைக்ரோடிக்கைத் தொலைவிலிருந்து திருத்தும்போது, வேலையைத் தொடங்கும் முன் கன்ட்ரோலும் எக்ஸும் சேர்த்து அழுத்திச் சேஃப் மோடுக்குள் போங்கள். இந்த ரவுட்டரில் தனியாகச் சேமிக்கும் கட்டளை கிடையாது. தட்டிய வரி அப்போதே நிலைத்துவிடும். சேஃப் மோடில் மட்டும், உங்கள் இணைப்பு அறுந்தால், ஏறத்தாழ 9 நிமிடங்களில் ரவுட்டர் அதை உணர்ந்து, நீங்கள் அதற்குள் செய்த எல்லாவற்றையும் தானே திருப்பிவிடும். எல்லாம் சரி என்றால் அதே இரு விசைகளை மறுபடி அழுத்தினால் திருத்தங்கள் நிலைக்கும். வேண்டாம் என்றால் கன்ட்ரோலும் டியும். 100 செயல்கள் வரைதான் அது நினைவில் வைத்திருக்கும் என்பதால், பெரிய வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் செய்யுங்கள்.

கேள்வி: சிஸ்கோ ரவுட்டரைத் தொலைவிலிருந்து திருத்தும்போது இணைப்பு அறுந்தால், மைக்ரோடிக்கின் சேஃப் மோடு போலப் பழைய நிலைக்குத் திரும்பும் பாதுகாப்பு உண்டா?
– பாலிடெக்னிக் மாணவர், கோவை

பதில்: உண்டு, ஆனால் அங்கே முறை வேறு. நீங்கள் தட்டுவது ஓடும் அமைப்பில் உடனே செயல்படும்; ‘காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்’ என்று கொடுக்கும்வரை நிலையாகச் சேமிக்கப்படாது. ஆகவே தொடங்கும் முன் ‘ரீலோட் இன் 10’ என்று கொடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள். வெளியே மாட்டிக்கொண்டால் 10 நிமிடத்தில் ரவுட்டர் அணைந்து, பழைய அமைப்போடு எழும். ஓடும் அமைப்பைச் சேமிக்கவா என்று அது இடையில் கேட்டால் ‘நோ’ என்றே சொல்லுங்கள். வேலை சரியாக முடிந்தால் ‘ரீலோட் கேன்சல்’ கொடுத்த பிறகு சேமியுங்கள். கேன்சல் கொடுக்க மறந்தால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ரவுட்டர் பத்தாவது நிமிடத்தில் தானே அணைந்துவிடும்.