கறித்துண்டு இல்லாவிட்டால் சைவமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அலுவலக நண்பர்களுடன் ஓர் உணவகத்துக்குச் சென்றிருந்தேன். மெனுவில் 'காய்கறி சூப்' என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். பாதி குடித்த பிறகுதான் அது கோழிச் சாற்றில் தயாரானது என்று தெரிந்தது. கேட்டதற்கு, "இதில் கறித்துண்டே இல்லையே" என்றார் பரிமாறியவர். அவர் ஏமாற்றியதாகவும் தோன்றவில்லை. இனி எப்படி விசாரிப்பது?

பதில்: அவர் ஏமாற்றவில்லை என்பதால்தான் இது சிக்கலாகிறது. தட்டில் கண்ணுக்குத் தெரிவதை வைத்தே பலரும் சைவம், அசைவம் என்று பிரிக்கிறார்கள். நீங்களோ அது எதில் வெந்தது என்பதையும் சேர்த்துக் கேட்கிறீர்கள்.

பெரிய சமையலறைகள் பலவற்றில் காலையிலேயே அடுப்பின் ஓரத்தில் ஓர் ஆழமான பாத்திரம் ஏறிவிடும். எலும்பும் வெங்காயமும் கேரட்டும் அதில் மணிக்கணக்கில் சிறு தீயில் கிடந்து சாறு இறங்கும். பிறகு நாள் முழுவதும் சமையலர் அதிலிருந்து ஒரு கரண்டி மொண்டு சூப்பில் ஊற்றுவார், அரிசி வேகும்போது ஊற்றுவார், காய்கறி வதங்கும் சட்டி வறண்டால் அதிலும் ஊற்றுவார். தண்ணீர் ஊற்ற வேண்டிய இடத்திலெல்லாம் அந்தச் சாறுதான் விழும். அதை ஒரு தனிப் பொருளாக அவரே நினைப்பதில்லை என்னும்போது, மேசைக்கு வந்து பதில் சொல்பவருக்கு அது எப்படி நினைவுக்கு வரும்?

ஒவ்வொரு நாட்டுச் சமையலுக்கும் இப்படி ஓர் அடித்தளம் உண்டு. ஜப்பானிய உணவில் அது 'தாஷி' என்னும் சாறு. பெரும்பாலும் கொம்பு என்ற கடற்பாசியோடு, உலர்த்திச் சீவிய மீனையும் போட்டு அதைத் தயாரிக்கிறார்கள். அதனால் சோயாக்கட்டி மட்டும் மிதக்கும் மிசோ சூப்பிலும் மீன் இருக்கலாம். அதே நாட்டின் புத்த மடாலயச் சமையலில் கொம்பையும் உலர்ந்த காளானையும் மட்டும் கொண்டு தாஷி எடுக்கிறார்கள் என்பதால், அப்படி ஒன்று கிடைக்குமா என்று கேட்பது வீண்போகாது. தாய்லாந்துச் சமையலில் உப்பின் வேலையை மீன் சாஸ் செய்கிறது. சீன உணவகங்களில் கீரை வதக்கலின் மேல் சிப்பி சாஸ் ஊற்றுவது சாதாரணம். மெக்சிகோவின் மசித்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்க்கும் வழக்கம் இருக்கிறது. வூஸ்டர் சாஸ் என்ற பெயரைப் பார்த்து நெத்திலி இனத்து மீன் அதில் ஊறியிருக்கிறது என்று யார்தான் ஊகிக்க முடியும்?

ஆகவே "இது சைவம்தானே?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குள்ளேயே 'ஆமாம்' என்ற பதிலும் இருக்கிறது. கூட்ட நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பவர் அதைத்தான் எடுத்துத் தருவார். "இந்த சூப்பை எதில் கொதிக்க வைக்கிறீர்கள்? வதக்குவது எந்தக் கொழுப்பில்? சாஸில் என்னென்ன சேர்க்கிறீர்கள்?" என்று கேளுங்கள். இவற்றுக்கு ஆமாம், இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. தெரியாவிட்டால் உள்ளே போய்க் கேட்டுத்தான் வரவேண்டும். அவர் உள்ளே போய் வந்தாலே நீங்கள் கேட்டது சரியான கேள்வி என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நான் வீகன், அதாவது நனிசைவ முறையைப் பின்பற்றுகிறேன். பால், வெண்ணெய், முட்டை வேண்டாம் என்று சொன்னால் பல இடங்களில் பொருட்படுத்துவதில்லை. ஒவ்வாமை இருப்பதாகச் சொன்னால் மட்டும் கவனமாக இருக்கிறார்கள். அப்படிச் சொல்வது தவறா?

பதில்: தவறுதான் என்பது என் கருத்து. ஒவ்வாமை என்ற சொல் காதில் விழுந்ததும் பொறுப்பான சமையலறையில் வேறு வாணலி எடுப்பார்கள், பலகையையும் கத்தியையும் கழுவுவார்கள், வரிசையில் நிற்கும் மற்ற ஆர்டர்கள் அதற்காகக் காத்திருக்கும். இத்தனைக்கும் பிறகு அதே வாடிக்கையாளர் நண்பரின் தட்டிலிருந்து ஒரு கரண்டி ஐஸ்கிரீம் எடுத்துச் சுவைப்பதைப் பார்க்கும் ஊழியர், அடுத்து வருபவர் சொல்லும் ஒவ்வாமையைச் சந்தேகத்தோடுதான் கேட்பார். அந்த அடுத்தவருக்கு அது உயிர்ப் பிரச்சினையாக இருக்கலாம். நீங்கள் ஒரு துளிகூடத் தொடமாட்டீர்கள் என்பது உண்மையாகவே இருந்தாலும், அது ஊழியருக்குத் தெரிய வழியில்லை.

பொய் சொல்லாமலேயே ஒவ்வாமை விதிகளால் உங்களுக்குப் பயன் உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2014 டிசம்பர் முதல், குறிப்பிட்ட 14 பொருட்களில் எது எந்த உணவில் இருக்கிறது என்பதை உணவகங்கள் தெரிவித்தாக வேண்டும். பிரிட்டனிலும் இதே பட்டியல்தான் நடைமுறையில் இருக்கிறது. பால், முட்டை, மீன், இறால், நண்டு வகைகள், சிப்பி வகைகள் அனைத்தும் இந்த 14-க்குள் அடங்கும். "ஒவ்வாமை அட்டவணையைக் காட்ட முடியுமா?" என்று கேட்டு வாங்கிப் பார்ப்பதற்கு ஒவ்வாமை இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனால் அந்த அட்டவணை உங்களுக்குப் பாதி வழிதான் துணை. இறைச்சி அந்தப் பட்டியலில் கிடையாது, தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் கிடையாது, தேனும் கிடையாது. பால் என்ற கட்டம் காலியாக இருக்கும் ஒரு இனிப்பு, ஜெலட்டினால் உறைந்ததாக இருக்கலாம். அகர் என்னும் கடற்பாசிப் பொருளில் உறையவைத்ததா என்று தனியாகக் கேட்கவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உலர்ந்த பாஸ்தா பெரும்பாலும் கோதுமையும் தண்ணீரும்தான். 'எங்கள் சமையலறையிலேயே செய்தது' என்று பெருமையாகப் போட்டிருக்கும் புதிய பாஸ்தாவில்தான் முட்டை இருக்க வாய்ப்பு அதிகம். காப்பியில் கலக்கும் பாலற்ற பொடியிலும் பாலின் புரதமான கேசினேட் இருப்பதுண்டு.

கேள்வி: பாலாடைக்கட்டி சைவம்தானே? பால் சாப்பிடும் எனக்கு அதில் என்ன தடை?

பதில்: பாலில் தடையில்லை; பாலை உறையவைப்பதில் இருக்கலாம். பழைய முறையில், கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற நொதியைக் கொண்டு உறையவைக்கிறார்கள். நுண்ணுயிரிகளைக் கொண்டு தயாரித்த அதே நொதிக்கு அமெரிக்கா 1990-ல் அனுமதி கொடுத்த பிறகு, கன்று சம்பந்தப்படாத பாலாடைக்கட்டி பெருகிவிட்டது. ஆனால் இத்தாலியின் பார்மிஜானோ ரெஜானோ அப்படியல்ல: அந்தப் பெயரை இட வேண்டுமானால் கன்றின் ரென்னெட்டையே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. காய்கறி பாஸ்தாவின் மேல் தூவுவதும், பெஸ்டோ சாஸில் அரைத்துச் சேர்ப்பதும் பல இடங்களில் இதுதான். வேண்டாம் என்றால், தூவுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இறைச்சி பொரித்த எண்ணெயிலேயே உருளைக்கிழங்கும் பொரிக்கிறார்கள் என்கிறார்களே?

பதில்: சிறிய இடங்களில் பொரிக்கும் எண்ணெய்த் தொட்டி ஒன்றுதான் இருக்கும் என்பதால் அது நடக்கக்கூடியதே. அதை ஏற்பதும் ஏற்காததும் உங்கள் முடிவு. நான் தீர்ப்பு சொல்ல விரும்பவில்லை. ஆனால் எண்ணெயை மட்டும் விசாரித்தால் போதாது. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 1990-ல் மாட்டுக்கொழுப்பைக் கைவிட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறியது. ஆனால் அதன் உருளைக்கிழங்கு வறுவலில் மாட்டிறைச்சிச் சாறு கலந்த சுவையூட்டி இருப்பது பிறகு தெரியவந்து, 2001-ல் வழக்குகள் தொடரப்பட்டன. மறு ஆண்டே நிறுவனம் மன்னிப்புக் கேட்டதோடு, சைவ அமைப்புகள் உள்ளிட்டவற்றுக்கு 1 கோடி டாலர் வழங்கவும் ஒப்புக்கொண்டது. எண்ணெய் தாவர எண்ணெய்தான்; அதில் விழுந்தது வேறு.

கேள்வி: நண்பர்கள் கூட்டமாக எங்கே அழைத்தாலும் எனக்குக் கிடைப்பது இலைதழை சாலட்தான். தனியாக ஏதாவது கேட்டால் மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று தோன்றுகிறது. போகாமலே இருந்துவிடலாமா?

பதில்: போங்கள். எல்லோரும் அமர்ந்து, பரிமாறுபவர் குறிப்பேட்டோடு நிற்கும் நேரத்தில் பேச்சைத் தொடங்குவதால்தான் தொந்தரவாகிறது. முந்தைய நாளே தொலைபேசியில் பேசிவிடுங்கள். மதியக் கூட்டம் ஓய்ந்து மாலைக் கூட்டம் தொடங்காத இடைவேளைதான் அதற்கு ஏற்ற நேரம். அப்போது சமையலரே தொலைபேசியை எடுக்கவும் வாய்ப்புண்டு. எது வேண்டாம் என்பதோடு நிறுத்தாமல், எது சாப்பிடுவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பருப்பு வகை, காளான், சோயாக்கட்டி என்று நீங்கள் பெயர் சொன்னால் சமையலருக்கு வழி பிறக்கும். வெறுமனே இறைச்சி வேண்டாம் என்றால், இருக்கும் உணவிலிருந்து இறைச்சியைக் கழித்து மிச்சத்தைத் தருவார், அந்த மிச்சம்தான் நீங்கள் அலுத்துக்கொள்ளும் இலைதழை.

இடத்தைத் தேர்வு செய்யும் பொறுப்பு உங்களிடம் வந்தால், எத்தியோப்பிய உணவகத்தை யோசித்துப் பாருங்கள். அந்நாட்டு ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி உள்ளிட்ட விரத நாட்களில் இறைச்சி, பால், முட்டை மூன்றையும் விலக்குவதால், விரதத் தட்டு என்றே ஒன்று மெனுவில் இருக்கும். இறைச்சி உண்ணும் நண்பர்களும் அதே மேசையில் வயிறாரச் சாப்பிடலாம். மீன் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இறைச்சி விற்கும் உணவகத்தில் ஒரு வீகன் சாப்பிடுவது கொள்கைக்கு முரணா?

பதில்: இல்லை. நீங்கள் அங்கே காசு கொடுத்து வாங்கும் ஒவ்வொரு நனிசைவ உணவும் கடைக்காரரின் கணக்கில் பதிவாகிறது. விற்கும் உணவை அவர் மெனுவிலிருந்து எடுக்கமாட்டார்.

கேள்வி: வேண்டாம் என்று சொன்ன பிறகும் இறைச்சி தூவி வந்தால், பொறுக்கி எடுத்துவிட்டுத் தருகிறேன் என்கிறார்கள். ஒப்புக்கொள்வதா?

பதில்: வேண்டாம். குரலை உயர்த்தாமல், புதிதாகச் செய்து தரும்படி கேளுங்கள். அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. தட்டை அவர்கள் எடுத்துச் செல்லும் முன், வந்த உணவைக் கரண்டியால் சற்றுக் கலைத்துவிடுவது நல்லது. அதே தட்டு திரும்பி வந்தால் பார்த்ததும் தெரிந்துவிடும். அப்படி வந்தால் சாப்பிடாமல், பில்லிலிருந்து அதை நீக்கச் சொல்லுங்கள்.