சில்லுப் போல்ட் முறிந்தால்

கேள்வி: என்னிடம் பழைய டொயோட்டா கொரோலா 110 இருக்கிறது. பஞ்சர் ஒட்டிய இடத்தில் எயார் கன்னால் இறுக்கும்போது பின்பக்க இடது சில்லில் ஒரு போல்ட் முறிந்துவிட்டது. மிச்சம் மூன்றோடு நிலாவெளியிலிருந்து தினமும் டவுனுக்கு ஓடுகிறேன். வீட்டிலேயே மாற்றலாமா ஐயா?
- வாசகர், நிலாவெளி

பதில்: மாற்றலாம் தம்பி. ஆனால் மூன்றோடு ஓடுவதை இன்றோடு நிறுத்துங்கள். நாலு பேர் தூக்கவேண்டியதை மூன்று பேர் தூக்கினால் அடுத்தவன் எப்போது விழுவான் என்று சொல்ல முடியாது. அதே கன்தான் மற்றப் போல்ட்களையும் இறுக்கியது. அதனால் அந்தச் சில்லுக்கு நாலையும் புதிதாக வாங்குங்கள்.

கடையில் மரையைக் கவனியுங்கள். டொயோட்டாவுக்குத் தடிப்பு 12 மில்லிமீற்றர், மரை இடைவெளி 1.5 மில்லிமீற்றர். நிசான், சுசுக்கியில் பெரும்பாலும் 1.25. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். நட் இரண்டு சுற்று ஏறிய பிறகுதான் இறுகிக்கொண்டு உங்களை முழிக்க வைக்கும். வண்டியில் உள்ள நட் ஒன்றைக் கொண்டுபோய்க் கையால் ஏற்றிப் பாருங்கள்.

நிலாவெளி மணலில் ஜக் புதையும், அடியில் தடித்த பலகை வையுங்கள். சில்லு நிலத்தில் இருக்கும்போதே நட்களைத் தளர்த்திவிட்டுப் பிறகு தூக்குங்கள். சில்லுக்குப் பின்னால் உள்ள டிரம்மை (பிரேக்கை மூடியிருக்கும் வட்டப் பாகம்) கழற்ற ஹாண்ட் பிரேக்கை விடவேண்டும் என்பதால் முன் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கல் கொடுங்கள். ஸ்டாண்ட் இல்லாமல் ஜக்கை மட்டும் நம்பி வேலை செய்யவேண்டாம். கடற்காற்றில் டிரம், போல்ட்கள் பொருந்தியிருக்கும் நடுப்பாகமான ஹப்போடு ஒட்டியிருக்கும். டிரம்மில் இரண்டு சிறிய மரைத் துளைகள் இருக்கும். அவற்றில் 8 மில்லிமீற்றர் போல்ட்களை மாறி மாறி ஏற்றினால் தானாகவே வெளியே வரும். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள்.

போல்ட் தலைக்குக் கீழே பல்லுப் பல்லாக வரி இருக்கும். அது ஹப் துளையைக் கடித்து நிற்பதால்தான் நட்டோடு போல்ட் சுற்றுவதில்லை. முறிந்ததை முன்பக்கத்திலிருந்து சுத்தியலால் தட்டினால் பின்னால் விழும். பின்னால் வெளியே எடுக்க இடம் காணாவிட்டால் ஹப்பைச் சுழற்றி இடைவெளி தேடுங்கள்; பிரேக் ஷூவைக் கழற்றவும் வேண்டிவரலாம். புதியதைப் பின்னாலிருந்து நுழைத்து, பழைய வரித்தடத்தோடு பல்லைப் பொருத்துங்கள். முன்பக்கத்தில் நாலைந்து தடித்த வொஷர் போட்டு, இடையில் கொஞ்சம் கிறீஸ் பூசி, பழைய நட் ஒன்றைத் தட்டையான பக்கம் உள்ளே பார்க்கத் திருப்பி ஏற்றுங்கள். கை ஸ்பானரால் மெதுவாக இறுக்கினால் போல்ட் இழுபட்டு வரும். எயார் கன் வேண்டாம், அதுதானே உங்களை எனக்குக் கடிதம் எழுத வைத்தது!

இழுத்து இறுக்குவதை எங்கே நிறுத்துவது என்பதில்தான் நான் ஒருமுறை பிழை விட்டேன். கராஜ் தொடங்கிய புதிது. ‘இனிப் போகாது’ என்று நினைத்து விட்டுவிட்டேன். தலை இன்னும் ஒரு நூல் வெளியே இருந்திருக்கிறது. கந்தளாய்க்குப் போகும்போது தம்பலகாமம் தாண்டப் பின்னால் டக் டக் என்று சத்தம். இறங்கிப் பார்த்தால், ஓட்டத்தில் தலை உள்ளே போய், நட் கையால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. அன்றிலிருந்து டோர்ச் அடித்துப் பின்னால் பார்க்காமல் நான் டிரம் மூடுவதில்லை. தலைக்கும் ஹப்புக்கும் நடுவே வெளிச்சம் தெரியக்கூடாது.

அப்புறம் சில்லைப் போட்டு, நட்களைக் கையால் ஏற்றி, எதிரெதிராக இறுக்குங்கள். டொயோட்டா சொல்லும் அளவு 103 நியூட்டன் மீற்றர். இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ஸ்பானரை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். துருப் பிடிக்கும் என்று மரையில் கிறீஸ் பூசாதீர்கள், அதே அளவில் இறுக்கினாலும் போல்ட் கூடுதலாக இழுபடும். டவுனுக்கு மூன்று தரம் போய் வந்தால் 100 கிலோமீற்றர் அளவில் ஆகிவிடும். அப்போது மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

இழுக்கும்போது புதிய போல்ட் சுற்றினால் ஹப் துளை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். யாராவது வெல்ட் வைத்துத் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள், சூட்டில் போல்ட்டின் உறுதி போய்விடும். ஹப்பையே மாற்றவேண்டும், அது கராஜ் வேலை.